சிவப்பு விளக்கில் அலாஸ்கா

தொண்ணூறுகளில், ஊரைவிட்டு வந்து குடியேறிய மில்லிக்கனில் எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் சிரித்து நான் கண்டதில்லை. மனைவியோடு அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்வந்த படங்களை ஓர் அல்பத்தில் போட்டுக் காரிலேயே வைத்திருந்தார். ஒரு சிவப்பு விளக்குக்கு ஒரு பக்கம் காட்டுவார். பச்சை வந்ததும் மூடிவிடுவார்.

ஒரு படத்தில் பனிமலைக்கு முன்னால் மனைவி நிற்பார். அடுத்ததில் அதே மலைக்கு முன்னால் இவர்.

"சேர்ந்து ஒரு படமும் எடுக்கேல்லையோ, அண்ணை?"

"ஆரிட்டையும் கமராவைக் குடுத்தால் கொண்டு ஓடிடுவாங்கள், தம்பி."

"கப்பலிலை எங்கை ஓடுறது?"

பச்சை வந்தது. அவர் அல்பத்தை மூடினார்.

ஸ்டீல்ஸ் சந்தியில் கடைசிப் பக்கம் வந்தது. மேல்தளத்தில் எல்லோரும் கம்பியைப் பிடித்தபடி மலையைப் பார்க்க, இவர்கள் இருவரும் தரையில் குப்புறக் கிடந்தார்கள். இவருடைய கை மனைவியின் தலையை மூடியிருந்தது.

"ஐஸ்மலை உடைஞ்சு விழுந்த சத்தம். ஊரிலை விழுற ஷெல் குண்டு எண்டு நினைச்சு விழுந்து படுத்திட்டம். பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரன் எடுத்து, பிறகு தபாலிலை அனுப்பினவன்."

"உந்தப் படத்தை ஏன் அண்ணை வைச்சிருக்கிறியள்?"

"உதிலைதானே ரெண்டு பேரும் இருக்கிறம்."

பச்சை வந்தது. அவர் அல்பத்தை மூடவில்லை. பின்னால் ஹோன் அடித்தார்கள். நானும் காரை எடுக்கவில்லை.