கையெழுத்துப் போடாத பெண்

இதை எழுத எனக்குப் பல வருடங்கள் மனம் வரவில்லை. வெட்கம்தான் காரணம்.

என் தங்கையின் வழக்குக்காக விருதுநகர் கோர்ட்டுக்குப் போனபோது, பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சாத்தூர்ப் பக்கம் வெடிக் கம்பெனி வேலை. நகக்கண்ணில் அப்பியிருந்த அலுமினியப் பவுடரை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய வக்கீல் பரஸ்பர சம்மத மனுவை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் சில மாதத்தில் விவாகரத்து. இல்லாவிட்டால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "மாரியாத்தா பாத்துக்கிடுவா. போட்டுட்டு நிம்மதியா போம்மா" என்றேன்.

"நீங்களே படிச்சுப் பாருங்கண்ணே. கருத்து வேறுபாடுன்னு எழுதியிருக்காக. வெடிமருந்து படிஞ்ச சேலையோட வீட்டுக்குள்ள நுழையுறேன், என் புருசன் கதவைச் சாத்திட்டுத் தீக்குச்சிய உரசுனான். அதுல அவனுக்கு ஒரு கருத்து, எனக்கு ஒரு கருத்தா?"

வக்கீல் சிரித்தார். அவர் சட்டையைப் பிடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட ஆத்திரம் என் மேல். உயிரோடு கொளுத்தப் பார்த்தவனோடு சமாதானமாகப் பிரிந்து போகச் சொன்னேனே, அதற்கு ஆத்தாளையும் துணைக்கு இழுத்தேனே!

"எம்புட்டு வாய்தா ஆனாலும் சரி, நடந்ததை எழுதுங்க சார்" என்று அந்தப் பெண் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

வழக்கு என்ன ஆனதோ, எனக்குத் தெரியாது. படிப்பவர்கள் நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். அவன் தீக்குச்சி உரசியதைக் குடும்பச் சண்டை என்று மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.