யாரும் பூசாத மெருகு

மரச்சாமான்களுக்கு வார்னிஷ் அடிப்பது அவர் வேலை. தெருவுக்கே அவர் பாலிஷ்காரர். கதவோ கட்டிலோ, பூசி முடித்ததும் ஓரமாகக் குந்தி, வெளிச்சம் அதன் மேல் வழுக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கூப்பிட்டால் காதில் விழாது.

அவர் மனைவி வீட்டுக்குப் பின்னால் பெரிய மரத்தடியில் மேசை போட்டுத் துணி தேய்த்துக் கொடுப்பாள். மழை விட்ட ஒரு காலையில், வேர் பிரியும் இடத்தில் ஒரு காளான் விசிறி மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே செம்பழுப்பு, கண்ணாடிப் பளபளப்பு. விளிம்பு மட்டும் வெள்ளை. பாலிஷ்காரர் சொக்கிப்போனார். தட்டிப் பார்த்தார், கட்டை போலக் கெட்டி. அடியில் குடைக்காளானின் மடிப்புகள் இல்லை. வெள்ளைப் பரப்பில் ஊசியால் குத்தியது போல நுண்துளைகள்தான். அந்த வெள்ளையில் நகம் பட்ட இடம் பழுப்பானது.

அப்புறம் தினமும் டீ டம்ளரோடு அங்கேதான். காளான் மேலும் சுற்றியிருந்த சருகிலும் பழுப்புத் தூள் படியத் தொடங்கியது. மெல்லிய துணியால் துடைப்பார், மினுக்கம் திரும்பும். கனவில் அது அலமாரி அளவுக்கு வளர்ந்தது. கதவைத் திறந்தால் உள்ளே செம்பழுப்பு வெளிச்சம். அவர் சத்தமில்லாமல் அதற்குள் நடந்துபோய்க்கொண்டே இருந்தார்.

தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டைகளிலும் அந்தத் தூள் படிந்ததும் அவள் தன் அண்ணனை வரச் சொன்னாள். மரம் வெட்டுகிறவர். காளானைப் பார்த்தார், சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டினார். ஒரு பக்கம் வெறும் பானையைத் தட்டிய சத்தம்.

"யாரு அடிச்ச வார்னிஷ் மச்சான் இது?" என்று சிரித்தார் பாலிஷ்காரர்.

"யாரும் அடிக்கல மாப்ள. மரத்தை உள்ளுக்குள்ள தின்னுட்டுத்தான் இப்படி மினுக்குது. வேர் போயிடுச்சு. தங்கச்சிய முதல்ல நகரச் சொல்லு."

பாலிஷ்காரர் உடனே மேசையைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அந்த வாரமே மரத்தை வெட்டினார்கள். நடுவில் வைரம் பாய்ந்த கட்டை இல்லை; வெளிறிய நார்தான், ஈரப் பஞ்சு மாதிரி. பாலிஷ்காரர் கையில் எடுத்துப் பிழிந்தார். நீர் சொட்டியது.

"அந்தக் காளான் அழகாத்தான் இருந்துச்சு, இல்லீங்க?" என்றாள் மனைவி.

"இருந்துச்சு. நீ அந்த மரத்துக்குக் கீழ நின்னதத்தான் நான் பாக்கல."

அவள் அவர் கையிலிருந்த நாரை வாங்கி வீசினாள்.

வாசலில் நிழல் இல்லை. நான்கு கழி நட்டுத் தகரம் போட்டுக் கொடுத்தார். வெயில் ஏறினால் தகரம் காய்கிறது. அவள் திட்டிக்கொண்டே தேய்க்கிறாள். அவர் சாக்கை நனைத்துக் கூரை மேல் விரித்துவிட்டு வேலைக்குப் போகிறார்.