முதல் நாள் விழத்தான் வேண்டும்

மலேசியாவின் கிள்ளானில் வெயில் கொளுத்தும்போது கையில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறுவேன். பேரங்காடிப் பனிச்சறுக்குத் தளத்தில் நான் பயிற்சியாளர். முதல் நாள் விழத்தான் சொல்லிக்கொடுப்பேன். விழப் பயந்தவர்கள் மாதக்கணக்கில் ஓரக் கம்பியையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒருநாள் ஒரு சிறுமி நான் சொன்னபடியே முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் விழுந்தாள். கம்பிக்கு வெளியே நின்ற அவள் அம்மா கத்தினார்.

"பிள்ளைய விழ வைக்கிறதுக்கு ஒரு டீச்சரா? நம்ம தமிழ்ப் பொண்ணுங்களுக்கு ஐஸ் பத்தி என்ன தெரியும்? வேற ஆளக் கூப்பிடுங்க லா!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு ஜோடிச் சறுக்குக் காலணியை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க உள்ள வந்து விழாம நின்னு காட்டுங்கக்கா. இன்னிக்கே வேலைய விட்டுடுறேன்."

அவர் அதைத் தொடவில்லை. சிறுமி தானாகவே எழுந்து, "இன்னொரு தடவ விழட்டுமா டீச்சர்?" என்றாள்.

"விழு" என்றேன், அவள் அம்மாவுக்கும் கேட்கும்படி.