அண்ணன் தம் மேல் போட்டுக்கொண்ட பிழை

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருடத்தை எப்படியோ கடந்துவிட்டோம். இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் ஒப்படைத்தார். பெருமைகளை மட்டும் அடுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அண்ணன். ஐவரில் மூத்தவர். அப்பா தவறியதும் படிப்பை விட்டு, ஒரு சீனரின் கார்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் நால்வரையும் கரையேற்றிய பிறகே தமக்கென்று பட்டறை போட்டார், கல்யாணமும் அதற்கப்புறம்தான். எவ்வளவு கோபம் வந்தாலும் 'ஐயையோ' என்பதுபோல் மலாயில் ஓர் 'அலமாக்'கோடு முடித்துக்கொள்வார்.

காரின் ஆட்டோமேட்டிக் கியரைக் கழற்றி மேனுவல் கியர்பாக்ஸ் மாட்டுவதில் அண்ணனுக்குப் பெயர் உண்டு. நான் அவரிடமே தொழில் பழகி, அவரோடு பட்டறையில் இருந்தேன். அந்த வேலைக்கு உயிரே கிளட்ச் ரிலீஸ் பேரிங்கின் இடைவெளிதான். மிதியை மிதிக்காதபோது பேரிங்குக்கும் கிளட்சுக்கும் நடுவே மெல்லிய இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் ஓயாமல் அழுத்திக் கிளட்சைக் கருக்கிவிடும். அதிகமாகிவிட்டால் கியர் விழாது. கியர்பாக்ஸ் ஏறிய பின் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முன்பே என்ஜின் பக்கமும் கியர்பாக்ஸ் பக்கமும் அளந்து கழித்துப் பார்ப்போம். அண்ணன் தம் கணக்கைத் துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். நான் தனியாக அளந்து சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்தால்தான் கியர்பாக்ஸ் ஏறும்.

சர்க்கரை நோயால் பார்வை மங்கிய பிறகு, "என் கண்ண நம்பாத தம்பி, நீ நல்லா அள" என்பார்.

ஒருமுறை ஒருவர், மறுநாள் குடும்பத்தோடு மெர்சிங் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அண்ணன் தாளில் எழுதியதை நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

"உனக்கு எவ்ளோ வருது?"

"மூணு மில்லி, அண்ணே."

அளக்காமலே, தாளில் இருந்ததைச் சொன்னேன். கியர்பாக்ஸ் ஏறியது.

மறுநாள் பாதி வழியில் கிளட்ச் கருகிக் கார் நின்றுவிட்டது. காரை இழுத்து வந்து போட்ட அதன் சொந்தக்காரர் கத்தித் தீர்த்தார். "சின்னப் பிள்ளைங்கள வச்சிக்கிட்டு வெயில்ல நின்னோம் லா! என்ன வேல அண்ணே இது?"

கியர்பாக்ஸை இறக்கியதும் அண்ணன் அளவுகோலை என் கையில் கொடுத்தார். இந்த முறை ஒழுங்காக அளந்தேன். இடைவெளியே இல்லை. தனித்தனியாக அளந்த இருவருக்கும் ஒரே தப்புக் கணக்கு வராது. அண்ணனுக்கு அந்த நொடியே புரிந்திருக்கும். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கார்க்காரரிடம் திரும்பி, "மன்னிச்சிருங்க, தப்பு என்னோடது. கண்ணு சரியில்ல" என்றார்.

பேச்சு பரவிவிட்டது. "கியர்பாக்ஸ்னா தம்பிகிட்டயே குடுங்க, அண்ணனுக்குக் கண்ணு போச்சு" என்று அவர் காது படவே சொன்னார்கள். அவர் ஆயில் மாற்றிக்கொண்டிருப்பார். நான் வாயைத் திறக்காமல் சாவியை வாங்கிக்கொள்வேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடைசி மாதங்களில் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும்போதெல்லாம், "அண்ணே, அந்த மெர்சிங் காரு..." என்று தொடங்குவேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு தம்பி" என்பார்.

அண்ணனை அன்போடு கவனித்த தாதியருக்கும், வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த மெர்சிங் கார்க்காரரும் இறுதிச் சடங்குக்கு வந்து, அண்ணனைத் தூக்கிச் செல்லத் தோள் கொடுத்தார். ஐயா, அன்று நான் அளக்கவே இல்லை. அண்ணனிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இப்போது உங்களிடம் கேட்கிறேன்.