ஹாரன் அக்காவுக்கு வந்த சர்க்கரை

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்களுக்கு ஹாரன் அக்கா. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். குறுக்கே பாய்கிறவனை விலக்க அவளுக்கு ஹாரன் பொத்தானை அழுத்தும் வேலையே கிடையாது. ஜன்னல் வழியாக ஓர் அதட்டல் போதும்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவள் வயிற்றில் ஒன்றுக்கு இரண்டாகத் தங்கின. நிலைய மேலாளர் அவளை ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி, அறிவிப்பு அறையில் மைக் முன்னால் உட்கார வைத்தார். அந்தக் குரலுக்கு மைக் எதற்கு என்று நடத்துநர்கள் கேலி செய்தார்கள்.

ஆறாம் மாதம் மருத்துவமனையில் இனிப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எகிறியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பாவும் டிரைவர்தான். சர்க்கரையில் வலது காலைப் பறிகொடுத்து, அதோடு வண்டியையும் விட்டவர்.

போனில் எதையோ படித்துவிட்டு வந்த தங்கை, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "கவலைப்படாதக்கா. வயித்துல பையன் இருந்தா அம்மாவுக்கு சுகர் வருமாம். உனக்கு ரெண்டும் பையன்தான், எழுதி வச்சுக்கோ."

மாமியாருக்குச் சுருக்கென்றது. நாலு ஆண் பிள்ளைகளைப் பெற்று, ஒரு பெண்ணுக்காக ஏங்கிய மனுஷி. "பொறக்கறதுக்கு முன்னாடியே பிள்ளைங்க மேல கேஸ் போடறியா? நாலு பசங்கள பெத்தேன், எனக்கு ஒரு சுகரும் வரல. இது ரெண்டும் பொண்ணுங்கதான்."

ஹாரன் இரண்டு பேரையும் பார்த்தாள். "யாரும் கொண்டு வரல. நான் குடிச்ச டீயெல்லாம்தான் கொண்டு வந்துச்சு" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

மறுவாரம், டீ குடித்ததால்தான் வந்ததா என்று டாக்டரம்மாவிடமே கேட்டாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இது நீங்க பண்ணின தப்பு இல்லம்மா. நஞ்சுக்கொடியில இருந்து வர்ற ஹார்மோன், இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. உங்களுக்கு ரெட்டைப் பிள்ளை, அதனால அந்த ஹார்மோனும் அதிகம். அப்பாவுக்கு இருந்ததால வாய்ப்பும் கொஞ்சம் கூட."

"பையனா பொண்ணான்னு பார்த்து வருமா டாக்டர்?"

"ஒத்தைப் பிள்ளையில, பையன்னா லேசா அதிகம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. ரெட்டைப் பிள்ளையில ஒண்ணு ஒரு மாதிரி சொல்லுது, இன்னொண்ணு வேற மாதிரி சொல்லுது. இன்னும் முடிவாகல. உள்ள யாரா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான். அதை இன்னைக்கே ஆரம்பிக்கலாம்."

சாப்பாட்டை மாற்றினார்கள், நடக்கச் சொன்னார்கள். அதுவும் போதாமல் இன்சுலின் ஊசி வந்தது. அவள் கணவன் மேசை நாற்காலிகளுக்கு பாலிஷ் போடுகிறவன். ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டிக்கொண்டு வரும் ஆள். முதல் நாள் அவள் வயிற்றில் மருந்தை ஏற்றிவிட்டு, அவன்தான் கட்டிலில் சாய்ந்தான். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. நிலையத்து டீக்கடைக்காரரிடம் தனியாகப் போய் அவளுடைய கதை முழுவதையும் சொல்லிவிட்டும் வந்தான்.

அவள் சாப்பிட்ட பிறகு நடைமேடை நெடுக நடப்பாள். ஓய்வில் இருக்கும் டிரைவர் யாராவது கூடவே வருவார். "ஓவர்டேக் பண்ணாதீங்க, நான் ஃபுல் லோடு" என்பாள். சிரிப்பு திரும்பியிருந்தது.

ஒரு நாள் மதியம் அறிவிப்பு அறையிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து நிலைய வாசலில் ஒரு பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. எந்த வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்று ஜனம் தவித்தது. அவள் பாத்திரத்தை மூடிவிட்டு மைக்கைப் பிடித்தாள். நேரம் போனதே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி ஒரே பேருந்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. பிறகு பாதி வாக்கியத்தில் இழுத்தது.

டீக்கடைக்காரர் கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு, தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கியபடி ஓடினார். அவள் வியர்த்து, கை நடுங்க உட்கார்ந்திருந்தாள்.

"குடிங்க."

"சர்க்கரையா? எனக்கு ஆகாதுண்ணே..."

"உங்க வீட்டுக்காரர் ரெண்டு விஷயம் சொல்லியிருக்கார். நீங்க கெஞ்சினாலும் டீயில சர்க்கரை போடக்கூடாது. ஊசி போட்டுட்டு சாப்பிடாம இருந்து நாக்கு குழறினா, சுகர் ரொம்ப இறங்கிடுச்சுன்னு அர்த்தம், யோசிக்காம போடணும். குடிங்கம்மா முதல்ல!"

குடித்தாள். மெல்லக் கண் தெளிந்தது. அவர் எதிரிலேயே நின்று சாப்பிட வைத்தார். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். இரண்டு இதயங்களும் ஆளுக்கொரு தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தன. அதைக் கேட்டுத்தான் அவள் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

நாள் நெருங்குவதற்குள் அறுவை சிகிச்சை செய்து பிள்ளைகளை எடுத்தார்கள். இரண்டும் பெண்கள். மாமியார் வராந்தாவில் நின்ற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். "அப்ப இதுங்க ரெண்டும் சேர்ந்துதான் சுகரைக் கொண்டு வந்திருக்குங்க" என்று தங்கை வாயைத் திறந்தாள்.

"என் பொண்ணுங்கள இனிமே ஒரு வார்த்தை சொல்லக்கூடாது" என்றாள் ஹாரன், படுத்தபடியே. தங்கை சின்னவளைத் தூக்கிக்கொண்டாள்.

சில வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது சர்க்கரை இறங்கி, எல்லோருக்கும் போலவே இருந்தது. வருஷா வருஷம் பார்க்க வேண்டும், நடையை விடக்கூடாது என்றார் டாக்டரம்மா. அன்று சாயங்காலமே ஹாரன் இரட்டைத் தள்ளுவண்டியில் பிள்ளைகளைப் படுக்க வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போனாள். மாமியார் பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்தாள். "மெதுவா போடி! என் பேத்திங்க தூங்கறாங்க!"