ஊதிப் பதில் சொன்ன சித்தப்பா

எங்கள் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் தண்டல், ஆட்களை வேலைக்கு விடுகிற கங்காணி. விடியும் முன்னே பெரட்டுக்களத்தில் நின்று வேலையாட்களின் பெயரைக் கூப்பிடுவார். பெயருக்குரியவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு பெயரை ஒரு தரம்தான் கூப்பிடுவார். தாத்தாவும் தண்டலாக இருந்தவர். அவரும் அப்படித்தானாம்.

எல்லாரும் "இருக்கேன்" என்றார்கள். சித்தப்பா மட்டும் ட்ரம்பெட்டை ஊதினார்.

மலாயாவில் அவசர காலம் அது; வெள்ளைக்கார அரசோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகள் காட்டில் இருந்தார்கள். அலோர் காஜாவிலிருந்து புலாவ் செபாங் போகும் சாலையில் இறங்கி, செம்மண் பாதையில் உள்ளே வந்தால் எங்கள் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். வாசலில் துப்பாக்கியோடு கான்ஸ்டபிள்கள். வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக் கூடாது. பொதுவில் ஆக்கிக் கொடுத்தார்கள். கடையில் பால்டின் வாங்கினால் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். எதுவும் காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடக் கூடாது.

அந்தக் காட்டிலிருந்து அப்பாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். துரைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிற தண்டல், இனிமேல் பெயர் கூப்பிட்டால் சுடுவோம் என்று. பக்கத்துத் தோட்டத்துத் தண்டலைப் பெரட்டில் வைத்தே சுட்டிருந்தார்கள். அம்மா வேலையை விடச் சொல்லி அழுதாள்.

"வேற என்னா தெரியும் எனக்கு?" என்றார் அப்பா. மறுநாளும் போய் பெட்ரோமாக்ஸ் விளக்கின் கீழே நின்று கூப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா வந்தார். பூப்போட்ட சட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து, கையில் ஒரு கறுப்புப் பெட்டி. அப்பாவுக்கு ஒரே தம்பி. சின்ன வயதில் தாத்தாவிடம் அடி வாங்கிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு ஓடிப் போனவர். அங்கே போர்த்துகீசிய வழிவந்த செரானிக்காரர்கள் பேண்டில் சேர்ந்து ஜாஸ் ஊதினார். ஜாஸ் என்றால் என்ன என்று எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. அதை வெள்ளைக்காரன் நாயனம் என்று அம்மா சொல்லிக்கொண்டாள்.

வாசலில் கான்ஸ்டபிள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ட்ரம்பெட்டுக்குள் அரிசி இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஊதிக் காட்டுறேன் லா. அரிசி இருந்தா பொரியா வரும்" என்றார் சித்தப்பா. ஊதியும் காட்டினார். லயத்தில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"என்னா தம்பி, திடீர்னு?" என்று அம்மா கேட்டாள்.

"டவுன்ல டான்ஸ் ஹாலெல்லாம் மூடிட்டாங்க அண்ணி. சோத்துக்கு வழியில்ல."

கம்பிக்குள் தங்க வேண்டுமென்றால் பெரட்டில் பெயர் இருக்க வேண்டும். அப்பா கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிப் புல்வெட்டு வேலையில் சேர்த்துவிட்டார்.

முதல் நாள் காலை நன்றாக நினைவிருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகை களத்தை ஒட்டி இருந்தது. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நான் அதன் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா கூப்பிட்டுக்கொண்டே வந்தார். முனியம்மா. காத்தான். சித்தப்பாவின் பெயர் வந்தது. வரிசையில் அவர் இல்லை. விளக்கடியில் அப்பாவை ஒட்டி நின்றிருந்தார். மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மங்குக் கிண்ணத்தை ட்ரம்பெட்டின் வாயில் கவிழ்த்து, மூடி மூடித் திறந்து ஊதினார். அப்படியே அப்பாவின் குரல். அந்த இழுப்பு, கடைசியில் வரும் கமறல், எல்லாம் இருந்தது.

களமே சிரித்தது. துப்பாக்கிக்காரரும் சிரித்தார்.

"வாயால சொல்றா" என்றார் அப்பா.

"இதையும் வாயாலதான அண்ணே ஊதுறேன்."

"வரிசையில போயி நில்லு."

"அங்க வெளிச்சம் பத்தல. வாசிக்கிறவன் மூஞ்சி தெரிய வேணாமா?"

அப்பா கிராணி பக்கம் திரும்பினார். "ஆள் இல்ல" என்றார். கிராணி எழுதிக்கொண்டார். "நீ வீட்டுக்குப் போ."

சித்தப்பா போகவில்லை. எல்லாப் பெயரும் முடிகிற வரை அங்கேயே நின்றார். போகப்போக ஒவ்வொருவருக்கும் ஒரு ஊதல் வைத்திருந்தார். முனியம்மாவுக்குச் சேவல். காத்தானுக்கு, மேட்டில் ஏறமுடியாத லாரி. ஆட்கள் தங்கள் ஊதலைக் கேட்பதற்காகவே சீக்கிரம் வந்தார்கள். பயந்துகொண்டு பெரட்டுக்கு வராமல் இருந்தவர்கள்கூட வந்தார்கள்.

தினமும் இதே கதைதான். சித்தப்பா ஊதுவார், அப்பா "ஆள் இல்ல, வீட்டுக்குப் போ" என்பார். அப்பா ஒரு எட்டு நகர்ந்து நின்றால் சித்தப்பாவும் நகர்ந்து ஒட்டிக்கொள்வார். பகலெல்லாம் வேலை இல்லாமல் லயத்தில் உட்கார்ந்து எங்களுக்கு ஊதிக் காட்டுவார். எங்கள் பங்குச் சோற்றில் அவருக்கும் பங்கு போனது.

கோயிலையும் அவர் விடவில்லை. ஊரடங்குக்கு முன்னே முடிக்க வேண்டும் என்று அம்மன் திருவிழாவைப் பகலிலேயே வைத்திருந்தார்கள். சித்தப்பா பெட்டியோடு போய் நின்றார். கோயில் தலைவர் கையை நீட்டித் தடுத்தார்.

"எச்சில் வாத்தியம்யா அது. அம்மனுக்கு ஊதலாமா?"

"நாயனத்த மூக்காலயா ஊதுறாங்க?"

"நாயனம் நம்மளுது."

"அம்மன் வேணாம்னு சொன்னா நிறுத்திக்கிறேன். நீங்க சொல்லாதீங்க, அவ சொல்லட்டும்."

அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா ஊதினார். நாங்கள் கும்மியடிக்கும் பாட்டுத்தான். ஆனால் தண்ணி போட்டவன் நடந்து வருவதுபோல அது பாதையை விட்டுப் போய்ப் போய்த் திரும்பி வந்தது. உடுக்கைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு அவர் கை தானாகச் சேர்ந்துகொண்டது. தலைவரின் காலும் ஆடியது. அதை அவர் கவனிக்கவில்லை.

அன்று வீட்டில் அம்மாதான் கோபப்பட்டாள். "அவரு கூப்புடுறப்ப நீ இப்படிப் பண்ணுனா, நாளைக்கு யாரு தம்பி அவருக்குப் பயப்படுவா? ஒங்க அண்ணன கோமாளி ஆக்குறியே."

"கோமாளிய யாரும் சுட மாட்டாங்க அண்ணி" என்றார் சித்தப்பா.

அப்பா சோற்றிலிருந்து நிமிரவில்லை. "மாசக் கடைசியில ஒன் பேர வெட்டச் சொல்லிருவேன். டவுனுக்கே ஓடிப் போயிரு."

பெயரை வெட்டினால் சித்தப்பா கம்பிக்கு வெளியே போக வேண்டும். அப்பா ஏன் இவ்வளவு கல்நெஞ்சுக்காரராக இருக்கிறார் என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து ஒரு செரானிக்காரர் பழைய காரில் வந்தார். பேண்டில் தாளம் போடுகிறவராம். உடைந்த தமிழில் பேசினார்.

"ஹால் ஒரு நாளும் மூடல, நெறைய ஆளு. ட்ரம்பெட் இல்லாம ஆட்டம் செத்துப் போச்சு லா. ஒரு தரம் வந்துட்டுப் போ."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். "போயேன்" என்றார் அப்பா. "போனா அங்கயே இரு."

"ஊரடங்குக்கு முன்ன வந்துருவேன்" என்று சொல்லிக் காரில் ஏறினார். வரவில்லை.

காலையில் அப்பா எப்போதும்போல விளக்கை ஏற்றினார். ஆட்கள் வந்து நின்றார்கள். முனியம்மா, காத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், சித்தப்பாவின் பெயரையும் கூப்பிட்டார். பதில் இல்லை. கிராணி எழுதுவதற்குக் குனிந்தார்.

அப்பா இரண்டாம் தரம் கூப்பிட்டார். அப்பா எந்தப் பெயரையும் இரண்டாம் தரம் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிராணி நிமிர்ந்து பார்த்தார். அப்பா மறுபடியும் கூப்பிட்டார். அந்தத் தரம் குரல் தண்டல் குரலாக இல்லை.

வாசல் பக்கம் சலசலப்பு. கம்பிக்கு வெளியே, செம்மண் பாதையில் ஒரு உருவம் இருட்டில் வந்துகொண்டிருந்தது. கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தூக்கி, யாரென்று அதட்டினார். உருவம் நின்றது.

அப்புறம் ட்ரம்பெட் கேட்டது. அப்பாவின் குரல்தான். அதே இழுப்பு, அதே கமறல். ஆனால் மூச்சு வாங்கியது.

அப்பா ஓடினார். அவர் ஓடியும் நான் அதுவரை பார்த்ததில்லை. "சுடாத! என் தம்பி! என் தம்பி!" என்று தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டே ஓடினார்.

வாசலைத் திறந்தார்கள். டவுனிலிருந்து திரும்பும்போது கார் வழியில் நின்றுவிட்டதாம். ராத்திரி அலோர் காஜா போலீஸ் ஸ்டேஷன் வாசலில் படுத்திருந்துவிட்டு, ஊரடங்கு முடிந்ததும் கிடைத்த லாரியில் ஏறி, சாலையில் இறங்கி நடந்து வந்திருக்கிறார். வெள்ளைச் சப்பாத்து முழுக்கச் செம்மண்.

"டவுன்லயே இருந்திருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"பெரட்டு இருக்கே அண்ணே."

அப்பா அடிக்கவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. களத்துக்கு வந்து கிராணியைப் பார்த்து, "ஆள் இருக்கு" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா தோற்றுவிட்டார், சித்தப்பா ஜெயித்துவிட்டார் என்று நானும் தம்பியின் கையைப் பிடித்துத் தட்டினேன்.

சித்தப்பா நேராகப் போய் விளக்குக்குப் பக்கத்தில் தன் இடத்தில் நின்றார். அப்பா அவர் தோளைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, தானே அங்கே போய் நின்றார். சித்தப்பா இடித்துக்கொண்டு திரும்பப் போனார். அப்பா மறுபடி இழுத்தார். மீசை நரைக்கத் தொடங்கிய ஆளும், சகதிச் சப்பாத்து ஆளும், ஒரு சாண் இடத்துக்குச் சின்னப் பிள்ளைகள்போல் தோளால் இடித்துக்கொண்டார்கள்.

"வெளிச்சத்துக்கு இப்படியா அடிச்சுக்குவீங்க?" என்று முனியம்மாக்கா கேட்டாள். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. படியில் உட்கார்ந்து நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்பாவைக் கடைசிவரை யாரும் சுடவில்லை. கம்பியைப் பிரித்த மாதத்தில் சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார். நான் வளர்ந்து பாலெடுக்க மரம் வெட்டப் போனேன். முதல் நாள் அதே களத்தில், அப்பா என் பெயரைக் கூப்பிடுவதற்காக நின்றுகொண்டிருந்தேன். அதே இடத்தில் விளக்கு. சும்மா சுற்றிப் பார்த்தேன்.

வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அவர்கள் இடித்துக்கொண்ட அந்தப் பக்கத்தில்தான், பழைய கம்பிக்கு அப்பால், மரங்கள் ஒரு ஆள் ஒளிந்து நிற்கும்படி நெருங்கி இருட்டாக இருந்தன. படியில் உட்கார்ந்து சிரித்த அன்றைக்கு அந்த மரங்களை நான் பார்க்கவே இல்லை.