ஸ்டீபன் அண்ணன் வேனுக்கு வந்த நடுக்கம்

ஆரணியிலிருந்து தேர்வாய் கண்டிகை கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஸ்டீபன் அண்ணன், தன் வேனைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். பெற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கண்ணு ஒரு வாரமாகக் கரும்புகை கக்கி, மேம்பாலம் ஏறத் திணறியது. இன்னும் ஒருமுறை தாமதமானால் கம்பெனி வேறு வேனை வைத்துக்கொள்ளும்.

மெக்கானிக் கன்னியம்மா கோளாறு பார்க்கும் ஸ்கேனரை வேனில் செருகி, புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வை மூடும்படி அதன் வழியே கட்டளை கொடுத்தாள். திரையில் அது பாதி திறந்தபடியே நின்றது. கழற்றினால் உள்ளே தார் மாதிரி கரி. சுத்தம் செய்து மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரிலிருந்தே வால்வைத் திறந்து பார்த்தாள். வேன் வெடவெடவென்று நடுங்கியது. அண்ணன் பாய்ந்து சாவியைத் திருகி அணைத்துவிட்டார்.

"இன்னாண்ணே பண்ற?"

"கண்ணுக்கு ஜன்னி வந்துடுச்சும்மா!"

"சும்மா நிக்கும்போது புகை உள்ள போனா நடுங்கத்தான் செய்யும். நடுங்கலைன்னாதான் பேஜாரு."

மறுபடி திறந்தாள். மறுபடி அணைத்தார். அதற்குள் வேலைக்குப் போக வந்து ஏறியிருந்த ஹெலன் ஜன்னல் வழியே கத்தினாள்: "கண்ணை அப்பறம் கொஞ்சுண்ணே, ஷிப்ட்டுக்கு லேட்டாவுது!"

கன்னியம்மா ஸ்கேனரையே அவர் கையில் திணித்தாள். பயந்துகொண்டே திறந்தார், நடுங்கியது. மூடினார், சாதுவாக அடங்கியது. முகம் மலர்ந்துவிட்டது. திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

மேம்பாலத்தில் வேன் புகையில்லாமல் ஏறியபோது, "இப்போ தேவலையா கண்ணு?" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டவள் ஹெலன்.